இடமாற்றம்: லாரி புறப்படும் முன் எழுத வேண்டியவை

சென்னையிலிருந்து புனே நகரம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வீட்டுச் சாமான்களை ஏற்றிய லாரி மூன்று அல்லது நான்கு நாளில் இத்தொலைவைக் கடந்துவிடும். காரில் செல்லும் குடும்பத்துக்கு அதைவிடக் குறைந்த காலமே போதும். ஆனால் அந்தக் காரின் பதிவு, சாமான்களின் காப்பீடு, எரிவாயு இணைப்பு, வங்கிக் கணக்கின் முகவரி ஆகியவை புதிய ஊருக்கு முழுமையாக வந்து சேரப் பல மாதங்கள் ஆகும். பயணத்தைத் திட்டமிடும் பலர் முதலாவதை மட்டுமே திட்டமிடுகின்றனர்.

ஓர் இல்லத்தின் பொருள்கள் அனைத்தும் ஒரே வண்டியில் ஏறுவது வாழ்நாளில் அரிதாக நிகழ்வது. பத்து, இருபது ஆண்டுகளின் சேமிப்பு அன்று முன்பின் அறியாதவர் கையில் ஒப்படைக்கப்படுகிறது. அதில் இழப்பு நேருமானால் அதனை ஏற்பவர் யார் என்பது இழப்புக்குப் பிறகு தீர்மானிக்கப்படுவதன்று. லாரி புறப்படுமுன் கையொப்பமாகும் சில தாள்களில் அது ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டு விடுகிறது. அத்தாள்கள் எவை, அவற்றில் என்ன இருக்க வேண்டும், எந்த வரிசையில் அவற்றைப் பெறுவது என்பனவற்றைச் சென்னை–புனே இடமாற்றத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. பிற மாநிலங்களுக்குச் செல்வோருக்கும் பெரும்பாலான செய்திகள் பொருந்தும்.

பொருள்களை மூன்றாகப் பிரித்தல்

முதல் பணி விலை கேட்பதன்று, பட்டியல் எழுதுவது. அறை வாரியாக எழுதிய பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அதன் இன்றைய மதிப்பைக் குறிக்க வேண்டும். இந்தப் பட்டியலே பின்னர் கூலி பேசவும், காப்பீடு எடுக்கவும், இறக்கும் நாளில் சரிபார்க்கவும் பயன்படும்.

வீட்டுச் சாமான்களுக்கான கூலி, எடையைவிட அவை லாரியில் அடைக்கும் இடத்தையே பெரிதும் பொறுத்தது. பழைய கட்டில், பெரிய பீரோ, ஆயுள் முடியும் நிலையிலுள்ள குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றைச் சுமந்து செல்வதற்கும், இங்கே விற்றுவிட்டு அங்கே வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டின் சாமான்களுக்கு வழக்கமாக 14 அடி லாரி பேசப்படுகிறது. சில பெரிய பொருள்களை நீக்கினால் சிறிய வண்டியே போதுமானதாகிவிடலாம்.

பட்டியல் முடிந்தபின் பொருள்களை மூன்று தொகுதிகளாகப் பிரிக்க வேண்டும். லாரியில் செல்பவை முதல் தொகுதி. உடன் எடுத்துச் செல்பவை இரண்டாம் தொகுதி: நகை, ரொக்கம், வீட்டுப் பத்திரம், கல்விச் சான்றிதழ், கடவுச்சீட்டு, காசோலைப் புத்தகம், மருந்து, மடிக்கணினி. நகை, ரொக்கம், ஆவணங்கள் ஆகியவற்றைப் பொதுவாகப் போக்குவரத்துக் காப்பீடு ஏற்பதில்லை. எனவே அவை எக்காரணம் கொண்டும் லாரியில் ஏறலாகாது.

எங்கும் செல்லாதவை மூன்றாம் தொகுதி. மண்ணெண்ணெய், பெயின்ட், தின்னர் போன்ற எளிதில் தீப்பற்றும் பொருள்களும் எரிவாயு உருளையும் இதில் அடங்கும். வேறு நகருக்குச் செல்வோர் உருளையையும் ரெகுலேட்டரையும் முகவரிடம் ஒப்படைத்து, கட்டிய வைப்புத்தொகையைத் திரும்பப் பெற்று, இணைப்பு முடிவுச் சீட்டு ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய ஊரில் அச்சீட்டைக் காட்டி, அன்றைய வைப்புத்தொகையைச் செலுத்தினால் புதிய இணைப்பு கிடைக்கும். சீட்டு இல்லாமல் சென்றால் புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கே பக்கத்து வீட்டு அடுப்பை நாட வேண்டியிருக்கும்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டுச் சாமான்களைக் கட்டி அனுப்பும் நிறுவனங்கள் நாடெங்கும் உள்ளன. நேர்மையாகத் தொழில் நடத்துவோர் பலர். அவர்களுடைய பெயரைச் சற்றே மாற்றி வைத்துக்கொண்டு ஏமாற்றுவோரும் உள்ளனர். ஏமாற்றும் முறை பெரும்பாலும் ஒன்றே. வீட்டைப் பார்க்காமல் தொலைபேசியிலேயே மிகக் குறைந்த கூலி சொல்லப்படும். முன்பணம் ஒரு தனிநபரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொல்லப்படும். சாமான்கள் லாரியில் ஏறிய பின் வண்டி வழியில் நிறுத்தப்படும். சாமான்களின் அளவு கூடிவிட்டது, மாநில எல்லை வரி, ஏற்றுக்கூலி எனப் பல காரணங்கள் கூறி மேலும் பணம் கோரப்படும். அந்த நிலையில் குடும்பத்துக்குப் பேரம் பேசும் வலிமை இராது.

இதனைத் தவிர்க்கச் சில எளிய சோதனைகள் உள்ளன.

ஒன்று: குறைந்தது மூன்று நிறுவனங்களை வீட்டுக்கு வரவழைத்து, பட்டியலைக் காட்டி, எழுத்து வடிவில் விலை பெற வேண்டும். கட்டுதல், ஏற்றுதல், கூலி, இறக்குதல், பிரித்து அடுக்குதல், மாடிப்படிக் கூலி, சுங்கக் கட்டணம், சரக்கு மற்றும் சேவை வரி ஆகியவை அதில் தனித்தனியே இருக்க வேண்டும்.

இரண்டு: 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, பொதுச் சரக்குப் போக்குவரத்தாளர் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். அப்பதிவுச் சான்றையும், சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குதல் நுகர்வோரின் உரிமை. வரிப் பதிவு எண்ணை அரசின் இணையதளத்தில் உள்ளிட்டால் அது எந்தப் பெயரில் உள்ளது எனத் தெரியும். விலைச்சீட்டிலுள்ள பெயரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்று: பணம் நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டுமே செல்ல வேண்டும். பணம் பெறுவதற்காக எவரும் தம் ரகசிய எண்ணை உள்ளிடத் தேவையில்லை என்பதை வாடிக்கையாளர் நினைவிற்கொள்க. முன்பணத்தைத் திருப்பி அனுப்புவதாகக் கூறி ரகசிய எண்ணை உள்ளிடச் சொன்னால் அது மோசடியே. பணம் பறிபோனது தெரிந்தவுடன் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

நான்கு: தனி லாரியா, பலருடைய சாமான்கள் சேர்ந்து செல்லும் லாரியா என்பதை எழுத்தில் பெற வேண்டும். சேர்ந்து செல்லும் வண்டியில் கூலி குறையும். ஆனால் நடுவழிக் கிடங்கில் சாமான்கள் இறக்கி ஏற்றப்படலாம்; உடைவதற்கும் மாறிப்போவதற்கும் அங்கே வாய்ப்பு மிகுதி. தனி லாரியாயின் ஏற்றிய வண்டியே வீட்டு வாசலில் இறக்கும் என்பதும் எழுதப்பட வேண்டும்.

சட்டம் வரையறுக்கும் பொறுப்பு

மேற்குறித்த 2007ஆம் ஆண்டுச் சட்டம் சாமான் உரிமையாளருக்கு ஒரு பெரிய பாதுகாப்பை அளிக்கிறது. பொதுப் போக்குவரத்தாளரிடம் ஒப்படைத்த சரக்கு தொலைந்தாலோ சேதமுற்றாலோ, அவருடைய கவனக்குறைவை உரிமையாளர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இயற்கைப் பேரிடர், போர், கலவரம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.

ஆயினும் இப்பொறுப்புக்கு ஓர் உச்ச வரம்பு உள்ளது. 2011ஆம் ஆண்டின் விதிகளின்படி, வரம்பு கூலியின் பத்து மடங்கு. அத்தொகையும், அனுப்புவோர் தம் சரக்குப் படிவத்தில் அறிவித்த மதிப்பைத் தாண்டலாகாது. கூடுதல் பொறுப்பு வேண்டுவோர், அதற்கெனப் போக்குவரத்தாளர் நிர்ணயித்த உயர் கட்டணத்தைச் செலுத்த உடன்பட வேண்டும்.

இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒரு குடும்பத்தின் சாமான்கள் 8 லட்சம் ரூபாய் மதிப்புள்ளவை. கூலி 40,000 ரூபாய். கூலியின் பத்து மடங்கு 4 லட்சம். படிவத்தை நிரப்பும் ஊழியர், வழக்கப்படி மதிப்பு 50,000 ரூபாய் என்று எழுதிவிடுகிறார். குடும்பத் தலைவர் படிக்காமல் கையொப்பமிடுகிறார். லாரி கவிழ்ந்து எல்லாம் அழிந்தாலும், போக்குவரத்தாளரின் பொறுப்பு 50,000 ரூபாயோடு நின்றுவிடும். 8 லட்சத்துக்கும் 50,000 ரூபாய்க்கும் இடைப்பட்ட இழப்பைத் தீர்மானித்தது விபத்தன்று. அந்த ஒரு வரியே.

ஆதலால் சரக்குப் படிவத்திலும் சரக்கு ரசீதிலும் மூன்று இடங்களை ஊன்றிப் படிக்க வேண்டும்: அறிவித்த மதிப்பு, பெட்டிகளின் எண்ணிக்கை, பொறுப்பு யாருடையது என்ற குறிப்பு. உரிமையாளரின் பொறுப்பில் அனுப்பப்படுகிறது என்ற அச்சிட்ட வாசகம் இருந்தால் விளக்கம் கேட்டு, மாற்றிய பின்னரே கையொப்பமிட வேண்டும்.

இழப்பு நேர்ந்தால் மற்றொரு கெடுவும் உண்டு. சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் போக்குவரத்தாளருக்கு எழுத்து வடிவில் அறிவிப்பு அனுப்பியிருந்தால்தான் இச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர இயலும். கணக்குத் தொடங்குவது சாமான் வந்து சேர்ந்த நாளிலிருந்து அன்று என்பதைக் கவனிக்க. தொலைபேசிப் பேச்சு அறிவிப்பாகாது. ஒப்புகையுடன் கூடிய அஞ்சலே பாதுகாப்பு.

போக்குவரத்துக் காப்பீடு

போக்குவரத்தாளரின் பொறுப்பும் காப்பீடும் ஒன்றல்ல. பல விலைச்சீட்டுகளில் சாமான் மதிப்பில் ஒரு விழுக்காடு காப்பீட்டுக் கட்டணம் என்ற பெயரில் சேர்க்கப்பட்டிருக்கும். ஆனால் எந்தக் காப்பீட்டு நிறுவனத்திடமும் பாலிசி எடுக்கப்பட்டிராது. ஆகவே கட்டணம் செலுத்துமுன், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், பயண நாள், புறப்படும் இடம், சேரும் இடம், பயனாளியாகத் தம் பெயர் ஆகியவை உள்ள சான்றைக் கேட்க வேண்டும். அது கிடைக்கவில்லையெனில், வாடிக்கையாளரே காப்பீட்டு நிறுவனத்தை நேரடியாக அணுகலாம்.

காப்பீட்டுத் தொகையைக் குறைத்து எழுதிக் கட்டணத்தை மிச்சப்படுத்துவது வீண் சிக்கனம். பொருள்களின் உண்மை மதிப்பு 8 லட்சமாக இருக்க, 4 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தால், சொத்தின் பாதிக்கே காப்பீடு உள்ளதாகக் கருதப்படும். 1 லட்சம் ரூபாய் சேதம் நேர்ந்தால் விகித முறைப்படி 50,000 ரூபாய் மட்டுமே கிடைக்கும். எஞ்சிய பாதிக்கு உரிமையாளரே காப்பீட்டாளர்.

ஏற்றும் நாளும் இறக்கும் நாளும்

ஏற்றும் நாளில் குடும்பத்தினர் ஒருவர் வாசலில் நின்று ஒவ்வொரு பெட்டிக்கும் எண்ணிட்டு எழுத வேண்டும். தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவற்றின் நிலையை, கட்டுவதற்கு முன் இயக்கிக் காட்டி ஒளிப்படம் எடுத்துக்கொள்க. லாரியின் பதிவெண், ஓட்டுநரின் பெயர், அவருடைய கைப்பேசி எண் ஆகியவை சரக்கு ரசீதில் இடம்பெறட்டும். பயன்படுத்திய சொந்த வீட்டுப் பொருள்களுக்கு மின்வழிச் சீட்டு தேவையில்லை என்று சரக்கு மற்றும் சேவை வரி விதிகள் விலக்களித்துள்ளன. ஆதலால் அதன் பெயரால் வழியில் கேட்கப்படும் கூடுதல் பணத்துக்கு அடிப்படை இல்லை.

இறக்கும் நாளில் அவசரப்படுத்துவோர் பலர். மாலைக்குள் லாரி திரும்ப வேண்டும் என்பார்கள். எண்ணிக்கை சரிபார்க்காமல், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்ற தாளில் கையொப்பமிடலாகாது. சேதமோ குறையோ இருந்தால் அதே தாளில், அதே நேரத்தில், கைப்பட எழுதி, ஓட்டுநரின் கையொப்பத்தையும் பெற வேண்டும். ஒளிப்படத்துடன் அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்தல் நலம்.

தகராறு தீராவிடில், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தாக்கல் செய்யலாம். சென்னை நிறுவனத்தின் மீது புனேயில் வழக்குத் தொடர இயலும் என்பது இடம் மாறிய குடும்பத்துக்குப் பேருதவி.

கார்: ஓட்டிச் செல்வதா, ஏற்றி அனுப்புவதா

காரை ஓட்டிச் செல்லலாம். அல்லது கார்களை ஏற்றிச் செல்லும் லாரியில் அனுப்பலாம். ஓட்டிச் செல்வதன் செலவில் எரிபொருள், சுங்கக் கட்டணம், இரு இரவுத் தங்கல், உணவு ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். ஏற்றி அனுப்புவதன் செலவில் குடும்பத்தின் ரயில் அல்லது விமானக் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். இவ்வாறு கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு நினைத்ததைவிடக் குறைவாக இருக்கலாம். கைக்குழந்தையோ முதியவரோ உள்ள வீட்டில், ஓட்டுநர் ஒருவரே இருப்பாராயின், ஏற்றி அனுப்புவதே அறிவுடைமை.

ஏற்றி அனுப்புவோர் கவனிக்க வேண்டியவை: விரிவான காப்பீடு உள்ள தனியார் கார், சாலை வழியிலோ ரயில் வழியிலோ ஏற்றிச் செல்லப்படும்போது நேரும் சேதத்துக்கும் வழக்கமான பாலிசியில் பாதுகாப்பு உண்டு. மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் உள்ள காருக்கு அது இல்லை. கார் புறப்படுமுன் நாற்புறமும் ஒளிப்படம் எடுத்து, ஓடிய கிலோமீட்டர் அளவை ஒப்படைப்புச் சீட்டில் எழுத வேண்டும். தொட்டியில் எரிபொருள் குறைவாக இருக்கட்டும். காருக்குள் வீட்டுச் சாமான்களை அடைக்கலாகாது. அவை தொலைந்தால் கேட்பாரில்லை. கண்ணாடியிலுள்ள ஃபாஸ்டேக் பட்டையை அலுமினியத் தாளால் மறைத்து அனுப்ப வேண்டும். இல்லையெனில் சுங்கச்சாவடிக் கருவி லாரியோடு காரின் பட்டையையும் படித்து, கணக்கில் பணம் கழிய வாய்ப்புண்டு.

ஓட்டிச் செல்வோருக்கு 48ஆம் தேசிய நெடுஞ்சாலை முழுவழித் துணை. வேலூர், கிருஷ்ணகிரி, பெங்களூரு, தும்கூர், சித்ரதுர்கா, தாவணகெரே, ஹூப்ளி, பெலகாவி, கோலாப்பூர், சாத்தாரா வழியாக இச்சாலை புனேயை அடைகிறது. பெங்களூரு ஏறத்தாழ 350 கிலோமீட்டர்; அங்கிருந்து ஹூப்ளி ஏறத்தாழ 410 கிலோமீட்டர். முதல் இரவைத் தும்கூரிலோ சித்ரதுர்காவிலோ, இரண்டாம் இரவைப் பெலகாவியிலோ கோலாப்பூரிலோ கழித்தால் இருட்டில் ஓட்ட வேண்டிய தேவை நேராது.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஒரு முன்னெச்சரிக்கை தேவை. கோலாப்பூர் அருகே பஞ்சகங்கை ஆறு பெருகி, 2019 ஆகஸ்டிலும் 2021 ஜூலையிலும் இந்நெடுஞ்சாலையை மூடச் செய்தது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் புறப்படுவோர் லாரிக்கும் காருக்கும் இரண்டு நாளேனும் கூடுதல் அவகாசம் வைத்துக்கொள்ள வேண்டும். புனேயை நெருங்கும்போது, காத்ரஜ் சுரங்கத்தைக் கடந்து நவலே பாலம் வரையிலான இறக்கம் விபத்துகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே கியரை விடுவித்து ஓட்டலாகாது. கனரக வண்டிகளுக்கு முன்னால் நெருங்கிச் செல்லவும் ஆகாது.

காரின் பதிவை மாற்றுதல்

ஓட்டுநர் உரிமம் இந்தியா முழுமைக்கும் செல்லும். காரின் பதிவும் செல்லும். ஆனால் கால வரம்புடன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 47ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வாகனம் வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கப்பட்டால், உரிமையாளர் புதிய பதிவெண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓராண்டுக்குள் திரும்பிவிடும் குறுகிய காலப் பணியாயின் புதிய எண் தேவைப்படாது. மாநில வரிச் சட்டங்கள் தனிக் கெடு விதிக்கக்கூடும் என்பதால், புதிய ஊரின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதனைக் கேட்டறிதல் நன்று.

கார் எப்போது மாநிலத்துக்குள் வந்தது என்று காவலர் கேட்டால், அதற்குச் சான்று நம் வங்கியிலேயே உள்ளது. ஃபாஸ்டேக் கணக்கின் பரிவர்த்தனை அறிக்கையில் ஒவ்வொரு சுங்கச்சாவடியின் பெயரும் நாளும் நேரமும் இருக்கும். அவ்வறிக்கையைப் பதிவிறக்கிக் காரின் ஆவணங்களோடு வைத்துக்கொள்க.

புதிய பதிவுக்கான வரிசை பின்வருமாறு. கார்க் கடன் நிலுவையில் இருந்தால், முதலில் கடன் அளித்த வங்கியின் இசைவுக் கடிதம். அடுத்து, பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 28ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பம். அபராதச் சலானும் வரி நிலுவையும் இல்லாதிருக்க வேண்டும். சேஸிஸ் எண்ணின் பென்சில் பதிவும் தேவைப்படும். இச்சான்று சேரும் அலுவலகத்தின் பெயரைக் குறிப்பிட்டே வழங்கப்படுகிறது. புனே நகருக்கு எம்.எச். 12, பிம்ப்ரி-சிஞ்ச்வடுக்கு எம்.எச். 14 என அலுவலகங்கள் வேறு வேறு. வீடு எந்த எல்லைக்குள் அமையும் என்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

புதிய ஊரில் 27ஆம் படிவத்தில் புதிய எண்ணுக்கு விண்ணப்பித்து, காரின் வயதுக்கேற்ப அம்மாநிலத்தின் சாலை வரியைச் செலுத்த வேண்டும். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் தேவைப்படும். மகாராஷ்டிரத்தில் வாடகை உரிம ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதை அம்மாநிலச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. பதிவாகாத ஒப்பந்தத்தை நம்பிச் செல்லலாகாது. புதிய பதிவுச் சான்று வந்ததும், உயர் பாதுகாப்பு எண்பலகை பொருத்தி, காப்பீட்டு பாலிசியிலும் ஃபாஸ்டேக்கிலும் கடன் கணக்கிலும் புதிய எண்ணைப் பதியச் செய்ய வேண்டும். அதன்பின், பழைய மாநிலத்தில் கட்டிய ஆயுட்கால வரியில் எஞ்சிய காலத்துக்குரிய பகுதியைத் திரும்பக் கோரலாம். பலர் இந்தக் கடைசிப் படியை மறந்து, வரவேண்டிய பணத்தை விட்டுவிடுகின்றனர்.

அடிக்கடி மாற்றலாகும் பணியில் உள்ளோருக்கு 2021 செப்டம்பர் 15 முதல் பாரத் வரிசைப் பதிவு நடைமுறையில் உள்ளது. பாதுகாப்புப் படையினர், மத்திய, மாநில அரசு ஊழியர், பொதுத்துறை நிறுவன ஊழியர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் கொண்ட தனியார் நிறுவன ஊழியர் ஆகியோர் இதற்கு விண்ணப்பிக்கலாம். வரி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செலுத்தப்படுகிறது. மாநிலம் மாறினால் எண் மாறாது. ஏற்கெனவே பதிவான கார்களையும் இவ்வரிசைக்கு மாற்ற 2022 டிசம்பரில் விதி திருத்தப்பட்டது.

தில்லித் தலைநகர்ப் பகுதிக்குச் செல்வோர் காரின் வயதை முதலில் பார்க்க வேண்டும். 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் அங்கே ஓடுவதைப் பற்றி 2015 முதல் தீர்ப்பாய, உச்ச நீதிமன்ற ஆணைகள் உள்ளன. அவற்றின் நடைமுறை மாறியும் வந்துள்ளது. புறப்படுமுன் அன்றைய நிலையை அறிந்துகொண்டு, பழைய காரைக் கொண்டு செல்வதா விற்பதா என முடிவெடுக்கலாம்.

வங்கியில் முடிக்க வேண்டியவை

சேமிப்புக் கணக்கைப் புதிய ஊரின் கிளைக்கு மாற்றலாம். பொதுவாகக் கணக்கு எண் மாறாது. ஆனால் கிளைக்குரிய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறும். ஊதியம், ஓய்வூதியம், பங்கு ஈவு அனுப்புவோருக்கு அதனைத் தெரிவிக்க வேண்டும். ஒரு கிளையில் முழுமையாக முடிந்த வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு, அது புதுப்பிக்க வேண்டிய காலத்தை எட்டாதவரை, அதே வங்கியின் மற்றக் கிளைக்கும் செல்லும். எனினும் புதிய முகவரியைத் தாமதமின்றிப் பதிய வேண்டும். அட்டையும் காசோலைப் புத்தகமும் பழைய வாசலில் சென்று நிற்கலாகாது.

பாதுகாப்புப் பெட்டகம் வைத்திருப்போர், புதிய ஊர்க் கிளையில் பெட்டகம் காலியாக உள்ளதா என முன்னரே விசாரிக்க வேண்டும். சில கிளைகளில் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. பழைய பெட்டகத்தை ஒப்படைக்கும்போது, முன்கூட்டிச் செலுத்திய வாடகையில் எஞ்சிய காலத்துக்குரிய தொகை விகிதப்படி திருப்பித் தரப்படும். புதிய பெட்டகம் உறுதியாகும்வரை பழையதை விட்டுவிடாதிருத்தல் நகைகளுக்குப் பாதுகாப்பு.

கால வரிசை

எட்டு வாரத்துக்கு முன்: பட்டியல் எழுதுதல், காரின் கடன் நிலை, சலான் நிலுவை பார்த்தல், பெட்டகம் விசாரித்தல்.

நான்கு வாரத்துக்கு முன்: மூன்று நிறுவனங்களின் விலை, வங்கியின் இசைவுக் கடிதம், பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ். புதிய பதிவெண் தேவைப்படுவோர், சேரும் அலுவலகம் உறுதியானபின் தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பித்தல்.

ஒரு வாரத்துக்கு முன்: காப்பீட்டுச் சான்றைக் கையில் பெறுதல், எரிவாயு இணைப்பை ஒப்படைத்தல், காரின் டயர், பிரேக், புகைச் சான்று சரிபார்த்தல், ஃபாஸ்டேக் இருப்பு பார்த்தல்.

ஏற்றும் நாள்: மதிப்பு, எண்ணிக்கை, பொறுப்பு ஆகிய மூன்றையும் படித்துக் கையொப்பம்.

சேர்ந்த 30 நாளுக்குள்: ஒப்பந்தப் பதிவு, வங்கி, காப்பீடு, ஆதார் முகவரி மாற்றம், வாக்காளர் பட்டியலுக்கு 8ஆம் படிவம்.

180 நாளுக்குள்: சேதம் இருப்பின் எழுத்து வடிவ அறிவிப்பு. 12 மாதங்களுக்குள்: காரின் புதிய பதிவு, அதன்பின் பழைய வரி திரும்பப் பெறுதல்.

பயிற்சி

ஒரு குடும்பத்தின் சாமான் மதிப்பு 6 லட்சம் ரூபாய். கூலி 45,000 ரூபாய். சரக்குப் படிவத்தில் அறிவித்த மதிப்பு 3 லட்சம். உயர் கட்டணம் செலுத்தப்படவில்லை. காப்பீடும் இல்லை. லாரியில் 3.5 லட்சம் ரூபாய்ப் பொருள்கள் அழிந்தன. போக்குவரத்தாளரின் பொறுப்பு எவ்வளவு?

விடை: கூலியின் பத்து மடங்கு 4.5 லட்சம். ஆயினும் அறிவித்த மதிப்பான 3 லட்சத்தை அது தாண்டலாகாது. எனவே உச்சப் பொறுப்பு 3 லட்சம். குடும்பத்தின் இழப்பு 50,000 ரூபாய். மதிப்பை 6 லட்சம் என அறிவித்திருந்தால் வரம்பு 4.5 லட்சமாகும், 3.5 லட்சத்தையும் முழுமையாகக் கோரியிருக்கலாம். உண்மை மதிப்பை எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும். வாடிக்கையாளர் தம் பட்டியலின் கூட்டுத் தொகையைப் படிவத்தில் தம் கையாலேயே எழுதட்டும்.